அப்பாவுக்குப் போய்ச் சேராத சேதி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன், நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதுதான் முறை, நீ நன்றாக இல்லை என்று தெரிந்துகொண்டே கேட்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நாலு தடவை சொல்ல வாயெடுத்தேன், நாலு தடவையும் உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா, துணி காய்ந்ததா என்று எதையாவது பேசிவிட்டு வைத்துவிட்டேன். காகிதம் என்றால் நடுவில் குறுக்கே பேசாது, அழாது. ஐந்தாவதோடு நின்ற படிப்பு என்னுடையது, எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். ஆனால் கடைசி வரைக்கும் படி கண்ணு, பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். முன் அறையில் அப்பாவின் மேசை அப்படியேதான் இருக்கிறது. ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அவரவர் சாமானை எடுத்துப்போகிறார்கள், ரிப்பேர் ஆகாததையும் பரவாயில்லம்மா என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள், யாருக்கும் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தையல்காரர் தன் அயர்ன் பாக்ஸுக்கு வந்தார், ஏழு தடவை ரிப்பேருக்கு வந்த பெட்டி அது, இது என் மூத்த பிள்ளை, பாதி நாள் என் வீட்டிலதான் வளருது என்று அப்பா கேலி பண்ணுவாரே, அதேதான். அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, இனிமே இதை யாருகிட்ட அக்கா கொண்டு போவேன் என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றார். மாடி வீட்டு டீச்சர் தினமும் ஃபிளாஸ்கில் டீ போட்டுக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தாள். என் மைக்ரோவேவ் அடுப்பைக் கொண்டாந்து கொடுத்தேனே, கெட்டுப்போனதைத் தூக்கி வீசியிருக்கக் கூடாதா, உங்க வீட்டுக்காரரை நான்தானே கொன்னுட்டேன் என்று தினமும் அதே பேச்சு, அதே அழுகை. நான் டீயைக் குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுத வந்திருக்கிறேன், சுற்றிச் சுற்றி வருகிறேன்.

உன் மாஸ்டர் எனக்குப் போன் செய்தார். மூன்று வாரமாக நீ எலக்ட்ரானிக்ஸ் வகுப்புக்கு வரவில்லையாம். அவளுக்கு நல்ல கைம்மா, சர்க்யூட் போர்டுல எறும்பு முட்டை மாதிரி இருக்கிறதையெல்லாம் நடுங்காம எடுத்து வச்சு ஈயம் உருக்கி சால்டர் பண்ணுவா, ஆஸ்பத்திரி மெஷின் ரிப்பேர் பயிற்சிக்கு அவ பேரைத்தான் கொடுத்திருக்கேன், இந்த மாசக் கடைசிக்குள்ள வந்து கையெழுத்துப் போடலேன்னா வேற ஆளுக்குப் போயிடும், நீங்களாவது சொல்லுங்க என்றார். உன்னிடம் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய் என்று உனக்கே நினைவிருக்கும். பெத்த அப்பாவே நம்பாத படிப்பும்மா அது, ஊர்ல யாரு நம்பப் போறா, துணிக்கடையில மடிக்கிற வேலை இருக்காம், அதுக்குப் போறேன் என்றாய். அந்தப் பேச்சு என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கிறது.

இந்தப் படிப்பு படித்தால் என்ன வேலைக்குப் போகலாம் என்று எனக்கு ஒழுங்காகத் தெரியாது, அதனால் அப்பாவோடு டீ குடிக்க வருவாரே லிஃப்ட் மெக்கானிக், அவரிடம் போய்க் கேட்டேன். அவர் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். செல்போன் கடை வைக்கலாம், ஃபாக்டரியில மெஷின் பார்க்கலாம், சோலார் வேலைக்குப் போகலாம், ரேடியோ ஸ்டேஷன், லிஃப்ட் கம்பெனி, எல்லாத்துக்குள்ளேயும் அதே பச்சை போர்டுதான் அக்கா இருக்கு. நான் உங்க வீட்டுக்காரர் மாதிரி தொட்டுத் தொட்டுக் கத்துக்கிட்டவன், போர்டு போச்சுன்னா கழட்டிக் கம்பெனிக்கு அனுப்புவேன், அவ்வளவுதான் என் வித்தை. உங்க பொண்ணு அதைத் திறந்து எந்த இடத்துல செத்திருக்குன்னு கண்டுபிடிப்பா என்றார். அதோடு விடாமல், ஆஸ்பத்திரி வேலை எப்படி இருக்கும்னு உங்க கண்ணாலயே பாருங்க என்று மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம் அது, துணி வெளுக்கிற இடத்தைத் தாண்டி ஒரு அறை. சுவரோரம் வரிசையாக மெஷின்கள், ஒவ்வொன்றின் மேலும் என்ன கோளாறு என்று எழுதி ஒட்டிய சீட்டு. உன் சித்தி வயசு இருக்கும், ஒரு பெண் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். வாங்கம்மா, ஸ்டூலைப் பார்த்து உக்காருங்க, அதுவும் ரிப்பேருக்கு வந்ததுதான் என்று சிரித்தாள். அவள் முன்னால் ஒரு பெட்டி இருந்தது, நின்றுபோன நெஞ்சுக்கு ஷாக் கொடுத்து எழுப்புகிற பெட்டியாம். பிளக்கைப் பிடுங்கினாள், மூடியைக் கழற்றினாள். அப்பா மாதிரி இனி கையை உள்ளே விடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விடவில்லை. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இன்னொரு கையில் தடித்த பிடி போட்ட ஒயர் ஒன்றை எடுத்து உள்ளே இரண்டு இடத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்தாள். பிறகு மீட்டரை வைத்து நம்பரைப் பார்த்தாள், மறுபடியும் ஒரு தடவை பார்த்தாள், அப்புறம்தான் கையை உள்ளே விட்டாள். அதான் பிளக்கைப் பிடுங்கியாச்சே, அப்புறம் எதுக்கு இதெல்லாம் என்று கேட்டேன். பிடுங்கினாலும் கண்டென்சருக்குள்ள கரண்ட் தேங்கி நிக்கும்மா, அதை வடிய விடாம கை வச்சா ஆளையே அடிச்சிடும், வீட்டுல வைக்கிற மைக்ரோவேவ் அடுப்பும் இப்படித்தான் என்றாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. லிஃப்ட் மெக்கானிக் எழுந்து வெளியே போய்விட்டார். படிக்காதவங்களுக்கு இது எப்படிம்மா தெரியும் என்று கேட்டேன். யாராவது சொன்னாத்தான் தெரியும் என்றாள்.

ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற வேலை கண்ணு அது. அவ்வளவுதான்.

நீ சொன்னாய். அப்பா போவதற்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை போன் செய்து, அம்மா இன்னிக்கு வகுப்புல மைக்ரோவேவ் பிரிச்சோம், அப்பாகிட்ட இப்பவே சொல்லு, அந்த அடுப்பு வந்தா பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே கை வைக்க வேணாம், கண்டென்சரை வடிய விட்டுட்டுத்தான் தொடணும்னு சொல்லு, ஃபேன் கண்டென்சர் மாதிரி சுள்ளுன்னு கடிச்சிட்டு விடாது என்றாய். நான் அடுப்பில் ஒரு கண்ணும் போனில் ஒரு காதுமாக இருந்தேன், சரி சரி என்றேன். நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

உன்னிடம் அவர் பேசுவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. இருபத்தெட்டு வருஷமா நான் பிரிக்காததையா அங்க பிரிச்சுக் காட்டப் போறாங்க என்று நீ கிளம்பின அன்றைக்குச் சொன்னவர், அதற்குப் பிறகு உன் படிப்பைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் நல்ல குஷியில் இருந்தார், தையல்காரரைக் கேலி பண்ணிக்கொண்டே இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டார். இந்த மனுஷன் இன்றைக்காவது நிம்மதியாகச் சாப்பிடட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். புதன்கிழமை துணி காயப்போடும்போது நினைவு வந்தது, அந்த மாதிரி அடுப்பு எதுவும் மேசையில் இல்லையே, என்ன அவசரம் என்று விட்டேன். வியாழக்கிழமை டீச்சர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள், கதவைத் திறந்து வாங்கி மேசையில் வைத்தவளே நான்தான். அவர் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்ததும் நீ சொன்னது சுருக்கென்று வந்தது. எட்டிப் பார்த்தேன், பிளக் சுவரில் இல்லை, தரையில் கிடந்தது. அதான் பிடுங்கிவிட்டாரே, இப்போது உன் பேரை எடுத்தால் ஒரு சண்டைதானே என்று மனசு சமாதானம் ஆகி, டீ போட உள்ளே போனேன். தண்ணீர் கொதிப்பதற்குள் சத்தம் கேட்டது.

அப்பாவைக் கொண்டுபோன அன்றைக்கு நீ வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, சொன்னியாம்மா, அப்பாகிட்ட சொன்னியா என்று கேட்டாய். சொன்னேன் என்று தலையாட்டினேன். உன் முகம் இறுகிப்போனதைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன். என் மேல் விழ வேண்டிய கோபம் அவர் மேல் விழுந்தது, செத்தவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல மாட்டார் என்ற தைரியம் எனக்கு. மகள் சொன்னதைக் கேட்காமல் வீம்புக்குச் செத்தவர் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் காதில் அது விழவே இல்லை கண்ணு.

சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருப்பார் என்று இன்னொரு பொய் எழுத மாட்டேன். பெரிய மேதாவி சொல்லிட்டா என்று சிரித்திருப்பார், அது நிச்சயம். சிரித்துவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் நீ சொன்ன மாதிரி செய்தும் இருக்கலாம், செய்யாமலும் போயிருக்கலாம். கேட்பதும் விடுவதும் அவர் பாடு. அந்த ஒன்றைக்கூட நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

நேற்று டீச்சரிடம் முதலில் சொன்னேன். உன் அடுப்பு இல்லை, நான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாடிக்குப் போனாள். இன்றைக்கு இறங்கி வரவில்லை. நீயும் அப்படிப் போய்விடுவாயோ என்று பயமாகத்தான் இருக்கிறது. போனாலும் போ. என்னோடு பேச வேண்டாம், மாஸ்டரோடு பேசு. இந்த மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது, கடிதம் வந்து சேர நாலு நாள் ஆகும், மீதி ஐந்து நாளில் என்னைத் திட்டி முடித்துவிட்டுப் போய்க் கையெழுத்துப் போடு. உன் படிப்பு அப்பாவைக் கைவிடவில்லை. அது செவ்வாய்க்கிழமையே இந்த வீட்டுக்கு வந்துவிட்டது, இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. என்னிடம் வந்து நின்றுபோனது, அவ்வளவுதான்.

நீ நூறு வயசு நன்றாக இரு. நீ தொட்ட மெஷின் எல்லாம் உயிர் பெற்று எழட்டும், உன் கை என்றைக்கும் பதறாமல் இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. இன்னொன்றை மட்டும் மறக்காதே. யாரிடமாவது தொடாதே என்று சொல்ல வேண்டி வந்தால், அந்த ஆள் உன்னோடு பேசாதவனாக இருந்தாலும், முகத்தைத் திருப்பிக்கொள்கிறவனாக இருந்தாலும், நீயே அவன் காதில் போய்ச் சொல். என்னை மாதிரி ஒருத்தியிடம் சொல்லி அனுப்பாதே.

இப்படிக்கு,
நீ கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும்,
உன் அம்மா