ஜெயமணிக்குப் படிக்கத் தெரியாத கடிதங்கள்

டெலானிபூர்,
3 ஜூலை 2023

அன்புள்ள நசீரா,

உன் முழங்கால் வலி தேவலையா? உன் மகள் ரிஹானாவைப் பெண் பார்க்கக் கீழக்கரையிலிருந்து வருகிறவர்களுக்குக் கப்பல் டிக்கெட் கிடைத்துவிட்டதா?

ஃபோன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது என்று நினைக்காதே. வாட்ஸ்அப்பில் போட்டால் உன் மருமகள்தான் முதலில் படிக்கிறாள். பேசலாம் என்றால், ஜெயமணி காலையில் உன் வீட்டில் தரை துடைத்துக்கொண்டு நிற்கிறாள், மத்தியானம் என் வீட்டில். விஷயமே அவளைப் பற்றியது. கட்சால் தீவில் இந்தி மீடியத்தில் படித்தவள், பேச்சு மட்டும்தான் தமிழ். எழுத்து ஒன்றும் தெரியாது. அதனால் தைரியமாக அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். எதற்கும் உறை ஒட்டியபடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

அந்தப் பெண்ணுக்கு வாய் நீளம், நசீரா. நேற்றுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "நசீரா ஆண்ட்டி வீட்டு மெத்தைக்கு அடியில ஒரே பூசணம்" என்றாள். நான் கேட்கவே இல்லை. அதோடு நின்றாலும் பரவாயில்லை. ரிஹானாவுக்கு முன்பு நிச்சயமாகி நின்றுபோனதைப் பற்றியும் ஏதோ இழுத்தாள். எனக்குத் திக்கென்றது. மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரத்தில் இவளையா வீட்டுக்குள் வைத்திருக்கப் போகிறாய்? மாப்பிள்ளையின் அம்மா காதில் ஒரு வார்த்தை விழுந்தால் போதாதா?

நான் சொன்னதாக அவளிடம் கேட்டுவிடாதே. ஊரெல்லாம் தமுக்கடிப்பாள். ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திவிடு. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

இங்கே குவார்ட்டர்ஸில் காலையில்தான் தண்ணீர், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். அவள் வரும் நேரத்துக்குக் குழாயில் காற்றுத்தான் வருகிறது. ஈரத்துணியால் தடவிவிட்டுப் போகிறாள். என் வீடு இருக்கிற லட்சணத்தை வெளியே சொல்ல முடியாது.

உன்
சந்திரா


டாலிகஞ்ச்,
5 ஜூலை 2023

என் சந்திராவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நிச்சயம் இவளுக்கு எப்படித் தெரியும்? காரைக்காலில் பெரியவர்கள் பேசி, வெளியே தெரியாமலே கலைத்தது. என் மருமகளுக்கே தெரியாது. இந்தத் தீவில் உன் ஒருத்தியிடம்தான் சொல்லி அழுதேன். நாம் உன் சமையலறையில் பேசும்போது இவள் கதவுக்குப் பின்னால் நின்றிருப்பாளோ?

தங்கமான பெண் என்று நினைத்திருந்தேனே! இப்போது அவள் குனிந்தாலும் சந்தேகம், நிமிர்ந்தாலும் சந்தேகம். நொண்டிக்கொண்டு அவள் பின்னாலேயே அறை அறையாக நடக்கிறேன். அலமாரியைத் துடைத்தால் எதைத் தேடுகிறாளோ என்று எட்டி எட்டிப் பார்க்கிறேன். "என்னா ஆண்ட்டி, தபியத் சரியில்லையா? ஒக்காருங்க, நான் பாத்துக்கிறேன்" என்கிறாள். அந்தக் கரிசனத்தையும் நம்ப முடியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா சுத்தத்தில் ரொம்பக் கறாராம். ஜன்னல் கம்பியை விரலால் தடவிப் பார்க்கிற ரகம். இந்த மழையில், இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் எப்படி வீட்டை மினுக்கப் போகிறேனோ, அல்லாஹ்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் மானம் பெரிது. மருமகளே செய்துகொள்கிறாள், இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் மாப்புத் துணியை அலசிக் காயப்போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறாள்.

இந்தக் கடிதத்தையும் அவள்தான் கொண்டுவருகிறாள். நீயும் ஜாக்கிரதையாக இரு. நீ மட்டும் சொல்லாதிருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும்? உனக்காகத் துஆ செய்கிறேன்.

நசீரா


டெலானிபூர்,
8 ஜூலை 2023

அன்பு நசீரா,

நீ செய்தது ரொம்பச் சரி. இதை எங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன், உங்கள் தெருக் கடைப்பக்கம் வருகிறார்.

உனக்காக ஒரு காரியம் செய்திருக்கிறேன். ஜெயமணி வேறு வீடு பிடித்தால் அங்கே போய் உன் கதையைத்தானே அவிழ்ப்பாள்? அதனால் காலையிலும் என் வீட்டுக்கே வரச்சொல்லிவிட்டேன். கண்ணெதிரே இருந்தால் வாய் அடங்கும். எனக்கு இது கூடுதல் செலவுதான், ஆனால் சிநேகிதிக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

தண்ணீர் வருகிற நேரம் பார்த்துத் திரைச்சீலை எல்லாவற்றையும் அலசிப் போட்டுவிட்டாள். நம் வீட்டு மொசைக் இந்த நிறமா என்று இவரே கேட்கிறார்! நீ தரையில் உட்கார்ந்து துடைக்காதே. நீளக் கம்பு வைத்த மாப் அபர்தீன் பஜாரில் கிடைக்கிறது, ஒன்று வாங்கிக்கொள்.

வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பால்கோவா செய்து எடுத்து வரட்டுமா? அவர்கள் சாப்பிடுவார்கள்தானே?

உன்
சந்திரா


டாலிகஞ்ச்,
12 ஜூலை 2023

சந்திரமதிக்கு,

கண்ணெதிரே வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். காலையில் நீயும் உன் வீட்டுக்காரரும் ஆபீஸ் போய்விடுகிறீர்கள். அப்புறம் யார் கண்ணெதிரே? இந்தக் கேள்வி வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று ஆட்டோ பிடித்து உன் வீட்டுக்கு வந்தேன்.

ஜெயமணி வாசல்படி கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிப்போய் நாற்காலி எடுத்துவந்து போட்டாள். நான் உட்காரவில்லை. "இங்க வரணும்னுதானே இவ்வளவும் பண்ணின?" என்றேன்.

"நான் என்னா ஆண்ட்டி பண்ணினேன்? சந்திரா ஆண்ட்டிதான் ரொம்ப நாளா காலையில வா, வான்னு கூப்பிட்டாங்க. நசீரா ஆண்ட்டிக்குக் கால் வலி, விட்டுட்டு வரமாட்டேன்னு சொன்னேன். நீங்களே நிறுத்தினப்புறம் நான் எங்க போவ?"

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. உன்மேல் அவ்வளவு நம்பிக்கை. "அப்படின்னா ரிஹானாவுக்குக் காரைக்கால்ல நிச்சயம் நின்னுபோனத ஏன்டி சந்திராகிட்ட சொன்ன?" என்று கத்திவிட்டேன்.

அவள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். "நம்ம ரிஹானாவுக்கா? எப்ப ஆண்ட்டி?" என்றாள்.

அந்த முகத்தைப் பார்த்தேன், சந்திரா. அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவள் நீ ஒருத்திதான். இப்போது அவளுக்கும் தெரியும். உன் வாசலில் நின்று, அக்கம்பக்கம் கேட்க, என் வாயாலேயே சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

காலைத் தண்ணீருக்காகவா என் பிள்ளையின் பேச்சை எடுத்தாய்? வாயைத் திறந்து கேட்டிருந்தால் பாதி நாள் விட்டுக்கொடுத்திருப்பேனே, பாவி!

நான் ஆட்டோவில் ஏறும்போது, "நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழல ஆண்ட்டி" என்றாள் ஜெயமணி. நம்பலாமா என்று தெரியவில்லை. யாரை நம்புவது என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. ஆனால் அவளை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

கீழக்கரைக்காரர்கள் நாளைக்குக் கப்பல் இறங்குகிறார்கள். வெள்ளிக்கிழமை நீ வரவேண்டாம். வந்தால், மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் உன்னை உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே போய் டீ போட முடியாது.

நசீரா