அமாவாசைக் கிளித்தட்டும் என் மகனின் காவலும்

விடுநர்:
சு. அர்த்தநாரி, வயது ஐம்பது,
பாவடிக் காரியதரிசி,
அம்மாபேட்டை, சேலம்.

பெறுநர்:
கனம் பொருந்திய சப் டிவிஷனல் மாஜிஸ்திரேட் அவர்கள்,
சேலம்.

பொருள்: குடும்பத்தார் ஆடிய கிளித்தட்டைச் சட்டவிரோதப் பயிற்சியெனக் கருதி என் மகன் கந்தவேலைக் காவலில் வைத்தது, விடுதலை கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாங்கள் தறிக் குடும்பம். பாவடி என்பது தெருவார் தறிக்கான நெடுக்கு நூலாகிய பாவை நீட்டிக் கஞ்சியிடும் பொது மைதானம். அமாவாசையன்று தறி ஓடாது. பாவடியும் காலியாக இருக்கும்.

2. நாள் முழுதும் இராட்டை முன் அமர்ந்து ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றியதால் என் மனைவி நல்லம்மாளின் கால்கள் வீங்கின. நடக்கும்படி டாக்டர் சொன்னார். தெருவில் வெறுமனே நடக்க அவள் கூசினாள். மருமகள் வசந்தாமணிதான் கிளித்தட்டு ஆடலாம் என்றாள். தை முதல் அமாவாசைதோறும் நாங்களும் என் தம்பி சுப்பையன் குடும்பமும் ஆடிவருகிறோம். கோட்டில் நிற்பவர் கைபடாமல் எதிரணியார் தாண்டி ஓட வேண்டும். நடுக்கோட்டில் மறிப்பவர் கிளி. மருமகளைத் தோற்கடிக்கவென்றே நல்லம்மாள் மற்ற நாள்களிலும் நடந்து பழகினாள். வீக்கம் வடிந்தது.

3. இம்மாதம் 10ஆம் தேதி மாலை ஒரு ஹெட் கான்ஸ்டபிள் வந்தார். நாங்கள் குனிந்து நெளிந்து ஓடுவது தடியடிக்குத் தப்பும் பயிற்சி என்றார். "எந்தக் கட்சி டிரில்லு இது?" என்று கேட்டார். நல்லம்மாள் மூச்சிரைக்க, "ரெண்டு கட்சிங்க சாமி. மாமியா கட்சி ஒண்ணு, மருமவ கட்சி ஒண்ணு" என்றாள். அவள் அறிந்த வரையில் அது உண்மை. அவர் சிரிக்கவில்லை. கிளியாக நின்று குரல் கொடுத்த கந்தவேலைத் தலைவன் எனப் பிடித்துச் சென்றார். விசாரணை திங்கட்கிழமை.

4. ஆகஸ்டுக் கலகத்தையொட்டிச் சர்க்கார் போட்ட, ஐவருக்கு மேல் கூடலாகாதென்ற உத்தரவை வீட்டாருக்குப் படித்துக் காட்டியவன் நான். ஒரே குடும்பத்தாரை அது குறிக்காதென்று பொருள் கொண்டேன். மறுநாள் காலை அதே பாவடியில் பன்னிருவர் நின்று பாவு நீட்டினர். போலீசார் பார்த்துக்கொண்டே சென்றனர். வேலைக்குக் கூடுவது குற்றமன்றெனில், விளையாட்டுக்குக் கூடுவதை உத்தரவின் எந்த வாசகம் குற்றமாக்குகிறதெனத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

5. கோடுகள் பட்டாளத்து மைதானம் போலிருந்தன என்பதே என் மகன்மேல் முதன்மையான சாட்சியம். மற்றவர்கள் குதிகாலால் கீறுவார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. கயிறு பிடித்து, முழக்கோலால் அளந்து, சுண்ணாம்பால் இட்டேன். "கோணலா இருந்தா காலு ஓடாதுங்களா அப்பா?" என்று கந்தவேல் அன்றே கேட்டான். நான் கேட்கவில்லை.

6. தன் வாய்ச்சொல்லால்தான் மகன் போனான் என்று நல்லம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். எழ மறுக்கிறாள். கால் மீண்டும் வீங்குகிறது.

ஆகையால் தாங்கள் பாவடியை நேரில் பார்வையிட்டுக் கந்தவேலை விடுவிக்க வேண்டுகிறேன். சாட்சியம் என்பதால் கோடுகளை அழிக்கவில்லை; எவரையும் மிதிக்கவும் விடவில்லை. ஒருவர் காவலில் இருந்தே தீர வேண்டுமெனில், கோடிட்டவன் இருக்கட்டும். திங்களன்று தங்கள் கோர்ட்டுக் கச்சேரி திறக்குமுன் கயிறும் முழக்கோலும் கையுமாக வாசலில் நிற்பேன்.

இடம்: அம்மாபேட்டை
நாள்: 12-9-1942

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
சு. அர்த்தநாரி