காலிப் பெட்டிக்குக் காத்திருந்த வண்டிகள்

நாகல் நகர், திண்டுக்கல்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள ஆனந்த்,

இங்கே நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள், வேளைக்குச் சாப்பிடுவீர்கள் என்று நம்புகிறேன். இரண்டாவதை நம்புவதுதான் கொஞ்சம் கஷ்டம்.

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் எழுதிக்கொள்வோம் என்று பொங்கலன்று சொன்னது நான்தான். சொன்னவளே முதலில் எழுதுகிறேன். அதுவும் ஓர் உதவி கேட்டு.

எங்கள் ஆலையை நீங்கள் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறீர்கள், அதுவும் ரோட்டில் நின்ற காரில் உட்கார்ந்தபடி. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். வேடசந்தூர், எரியோடு பக்கத்துத் தோட்டங்களில் சுண்டுவிரல் நீளத்துக்குப் பறிக்கிற வெள்ளரிப் பிஞ்சு, மதியத்துக்கு மேல் பெட்டி பெட்டியாகக் குட்டியானை வண்டிகளில் எங்களிடம் வருகிறது. இறக்கி, கழுவி, அளவு வாரியாகப் பிரித்து, உப்பும் வினிகரும் கலந்த தண்ணீரில் பீப்பாய் பீப்பாயாகப் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். பறித்த பிஞ்சு வெயிலில் கிடந்தால் சூடேறி நெகிழ்ந்துவிடும். நெகிழ்ந்தால் குப்பைதான்.

இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது, விளைச்சலும் அமோகம். ஆலைதான் தாங்கவில்லை. வண்டிகள் வாசலைத் தாண்டி மெயின் ரோடு வரை நிற்கின்றன. அடிப்பெட்டிக் காயெல்லாம் வெந்துபோய் வருகிறது. முதலாளி சுப்புராஜ் ஓசூர்ப் பக்கம் பெரிய இடமாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "இந்த எடம் நமக்குச் சுருங்கிப்போச்சும்மா" என்கிறார். ஆலை போய்விட்டால் இங்கே வேலை பார்க்கும் இருநூறு பெண்கள் என்ன செய்வார்கள்? தயாரிப்பு மேலாளர் என்று பெயர் வைத்துக்கொண்டு நான் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

நீங்கள் புனேயில் கார் ஆலைகளுக்குச் செய்கிற சிமுலேஷனை எங்களுக்கும் ஒரு முறை செய்து பார்ப்பீர்களா? இருக்கிற இடத்திலேயே எதையாவது மாற்றிப் போட்டால் சமாளிக்க முடியுமா என்று தெரிந்தால் போதும். வாசல் பதிவேட்டையும் ஆலையின் வரைபடத்தையும் மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன்.

இதை உங்களிடம் கேட்க எனக்கு எவ்வளவு தயக்கம் என்பது உங்களுக்கே தெரியும்.

உங்கள்,
மேகலை


புனே
15 பிப்ரவரி 2025

அன்பு மேகலை,

உன் கையெழுத்தைப் பார்த்ததும், கடிதத்தைப் பிரிக்காமலே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறது. தொட்டுக்கொள்கிற வெஞ்சனம்தான் வாய்க்கு விளங்கவில்லை.

கட்டாயம் செய்கிறேன். உன் ஆலையைப் போலவே ஒன்றைக் கம்ப்யூட்டருக்குள் கட்டுவேன். அதில் வண்டி வரும், ஆட்கள் இறக்குவார்கள், மெஷின் ஓடும், பீப்பாய் நிறையும். ஒரு மாதத்து வேலையை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் ஓட்டிப் பார்க்கலாம். நெரிசல் எங்கே என்று தெரிந்த பிறகு மெஷினை நகர்த்தலாம், சுவரை இடிக்கலாம், எல்லாம் திரையில்தான். சரிப்பட்டு வராவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆலை ஓசூருக்குப் போனால் நீ அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வருவாய் என்ற ஆசை எனக்கு உண்டு. கல்யாணமான முதல் வருஷத்தைப் போல ஒரே வீட்டில் இருக்கலாம் என்கிற ஆசை. அதை இந்த வேலையில் கலக்க மாட்டேன். நம்பு.

உன்,
ஆனந்த்ராஜ்


புனே
2 மார்ச் 2025

அன்பு மேகலை,

நல்ல செய்தியோடு எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். முடியவில்லை.

கம்ப்யூட்டரில் கட்டிய மாதிரி ஆலை சரியாகவே ஓடுகிறது. உன் பதிவேட்டில் கடைசி வண்டி நேரம் கழித்து உள்ளே வந்த நாட்களில் இதிலும் வரிசை நீள்கிறது. அதன் பிறகு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். தரம் பிரிக்கும் மெஷின் இன்னொன்றை வைத்தேன். பீப்பாய்களைப் பின்னால் தள்ளினேன். பிரிக்கிற ஆட்களைக் கூட்டினேன். எதற்கும் வரிசை குறையவில்லை. ஒரு வண்டியை இறக்கவே உங்களுக்கு அத்தனை நேரம் பிடிக்கிறது, வண்டி நிற்க முற்றத்தில் அவ்வளவுதான் இடம். சுப்புராஜ் சொல்வது சரியாக இருக்கலாம் என்றே தோன்றுகிறது.

மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. உன் அனுபவத்துக்கு இங்கே எத்தனையோ உணவு ஆலைகள் இருக்கின்றன. சேர்ந்தே தேடலாம்.

உன்,
ஆனந்த்ராஜ்


திண்டுக்கல்
8 மார்ச் 2025

ஆனந்த்,

உங்கள் கடிதத்தை எந்த நிலையில் பிரித்தேன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நேற்றுச் சாயங்காலம் வாசலில் ரகளை. எரியோட்டிலிருந்து காய் கொண்டுவருகிற அழகர் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு எங்கள் வாட்ச்மேன் பாஸ்கலைப் பிடித்துக்கொண்டார். "காயத்தான் அப்பவே எறக்கிட்டீகள்ல? நாளைக்குப் பறிக்கக் காலிப் பெட்டியக் குடுங்க, நாம்பாட்டுக்குப் போறேன். எம்புட்டு நேரந்தேன் இங்கனயே நிக்கிறது?" என்று ஒரே சத்தம். பாஸ்கலும் விடவில்லை. "கழுவித்தானய்யா தர முடியும்? செத்த நேரம் பொறுக்க மாட்டீரா?" என்று இவர் எகிற, பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. இருவரையும் விலக்கி அனுப்பிவிட்டு, சேலையெல்லாம் சகதியோடு வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம் காத்திருக்கிறது. வேறு வேலை தேடலாமாம்.

நம்பச் சொன்னீர்கள். நம்பித்தான் இருந்தேன். ஆனால் உங்களுக்குப் பிடித்த விடையே எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது? ஆலை இங்கே இருக்கக் கூடாது என்று நினைக்கிறவரிடம் போய், ஆலை இங்கே இருக்கலாமா என்று கேட்டது என் தவறு.

இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது ஆலைக்குள் வந்து பார்த்திருக்கிறீர்களா? அந்த வரைபடத்தில் நீங்கள் பார்த்தது வெறும் கோடுகளை. நான் அங்கே ஆட்களைப் பார்க்கிறேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

மணிமேகலை


புனே
14 மார்ச் 2025

அன்பு மேகலை,

வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது கோபம் வந்தது. அடுத்த தடவை அவமானமாக இருந்தது. எனக்குப் பிடித்த விடை என்று எழுதியிருந்தாயே, உண்மை. அந்த விடையை நான் திருகிக் கொண்டுவரவில்லை. ஆனால் அது வந்ததும், வேறு விடை இருக்குமா என்று இன்னொரு முறை தட்டிப் பார்க்க மனம் வரவில்லை. மற்ற ஆலைகளுக்கு அப்படி விட்டிருக்க மாட்டேன்.

மறுபடி படித்தபோது அழகர் போட்ட சத்தம் காதில் விழுந்தது.

மேகலை, காயை இறக்கிய பிறகும் அவர் ஏன் நிற்கிறார்? காலிப் பெட்டிக்கு! உன் பதிவேட்டில் வண்டி உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் மட்டும்தான் இருக்கின்றன. இடைப்பட்டது முழுவதும் இறக்குகிற நேரம் என்று நானே எடுத்துக்கொண்டேன். பெட்டிகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வரைபடத்தில் பெட்டி கழுவுகிற இடம் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு மூலையில் இருக்கிறது. பெட்டி அங்கே போய், கழுவி, சுற்றிக்கொண்டு திரும்பி வரும்வரை காலி வண்டி முற்றத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. காய் இருக்கிற வண்டி ரோட்டில் காய்கிறது. உங்கள் மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை. பாதி நேரம் காயில்லாமல் சும்மா ஓடுகிறது.

பெட்டிகளையும் சேர்த்துத் திரும்ப ஓட்டினேன். கழுவும் தொட்டியை முன்பக்கம் கொண்டுவந்து, முதல் நாள் கழுவிக் காயவைத்த பெட்டிகளை முன்கூட்டியே அடுக்கி வைத்து, இறக்கின கையோடு ஏற்றிவிட்டு, வண்டியை வேறு வழியாக வெளியே விட்டால் வரிசையே இல்லை. பலமுறை ஓட்டிவிட்டேன். இந்தத் தடவை என் மேலேயே எனக்குச் சந்தேகம், அதனால்தான்.

ஒரே ஒரு கேள்வி. வரைபடத்தில் பின்பக்கச் சுவரில் வாசல் மாதிரி ஓர் இடைவெளி தெரிகிறது. அது உண்மையிலேயே இருக்கிறதா?

ஆனந்த்ராஜ்


திண்டுக்கல்
20 மார்ச் 2025

அன்புள்ள ஆனந்த்,

இருக்கிறது. நான் சேர்ந்த நாளிலிருந்து அதைத் திறந்து பார்த்ததில்லை. உடைந்த பீப்பாய்களைக் குவித்து வைத்திருக்கிறோம்.

சிமுலேஷனில் வண்டிகள் புள்ளிகளாக ஓடுகிற வீடியோ இரண்டை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தீர்களே, அவற்றை முதலாளிக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

"இந்தச் செவப்புப் புள்ளி யாரும்மா?"

"அழகர் வண்டின்னு வச்சுக்கங்க சார்."

"ஏன் நகர மாட்டேங்குது?"

"காலிப் பெட்டிக்கு நிக்குது சார்."

அடுத்த வீடியோவில், பின்வாசல் வழியாகப் புள்ளிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போவதை இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "கம்ப்யூட்டர்ல எல்லாந்தேன் ஓடும். இங்கன ஓடணும்ல? ஓசூர்க்காரனுக்கு மாசக் கடைசியில பதில் சொல்றேன்னுருக்கேன். ஒரு வாரம் தாரேன், செஞ்சு காட்டும்மா" என்றார்.

திங்கட்கிழமை ஆரம்பிக்கிறோம். பீப்பாய்களை அகற்றியாயிற்று. கழுவும் தொட்டியையும் குழாயையும் முன்பக்கம் கொண்டுவந்துவிட்டோம்.

போன கடிதத்தில் நான் எழுதியதில் பாதி அநியாயம். மீதிப் பாதியை வாபஸ் வாங்கப்போவதில்லை. ஆனாலும் நீங்கள் மறைக்காமல் ஒத்துக்கொண்டது எனக்குப் பெரிய ஆறுதல்.

மேகலை


திண்டுக்கல்
30 மார்ச் 2025, ஞாயிறு

என் அன்புள்ள ஆனந்த்,

இன்று காலை வெயில் முகத்தில் அடிக்கிறவரை தூங்கினேன். எத்தனை மாதமாயிற்று இப்படித் தூங்கி!

திங்கட்கிழமை நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள், அன்று எனக்கு அழுகைதான் வந்தது. உங்கள் மாதிரியில் பெட்டி இருக்கிறது, வண்டி இருக்கிறது, கழுவுகிற தண்ணீர் எங்கே போகும் என்பது மட்டும் இல்லை. முன்பக்கம் கழுவிய தண்ணீரெல்லாம் வண்டி போகிற தடத்திலேயே பாய்ந்து சேறாகிவிட்டது. நான்காவதாக வந்த வண்டி புதைந்து நின்றது. பின்னால் என்றைக்கும் இல்லாத கூட்டம். முதலாளி காரை விட்டு இறங்கவே இல்லை. பார்த்துவிட்டு அப்படியே காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

தொட்டியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு வாரம் என்றால் ஒரு வாரம் என்று பிடிவாதம் வந்துவிட்டது. மறுநாள் காலையில் கொத்தனாரைக் கூப்பிட்டுத் தொட்டியிலிருந்து தென்னைமரங்கள் வரை வாய்க்கால் எடுத்தேன். தடத்தில் கிராவல் கொட்டினோம். பெட்டி கழுவுகிற லூர்தம்மாள் அக்கா, "நாளைக்காச்சும் வண்டி போயிருமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "போகும்க்கா" என்று சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

புதன்கிழமை போனது. வியாழக்கிழமை இன்னும் சுலபமாகப் போனது. அழகர் காயை இறக்கி, பெட்டியை ஏற்றி, பின்வாசலில் வண்டியை நிறுத்தி, "என்னமா, இம்புட்டுத்தானா? போகவா?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் போனார். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது வெளியே வந்து பார்க்கிறேன், ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை. பாஸ்கல் செய்வதற்கு வேலையில்லாமல் வாசலில் நின்றுகொண்டு, "ஏம்மா, இன்னைக்கு வரத்து கம்மியா?" என்றார். அன்றைக்குத்தான் இந்தப் பருவத்திலேயே அதிகமான காய் வந்திருந்தது!

நேற்று முதலாளி வந்தார். நேரே ஒரு வண்டிக்குப் போய், அடிப்பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பிஞ்சை எடுத்தார். ஒடித்தார். படக்கென்று ஒடிந்தது. பாதியைக் கடித்து மென்றுகொண்டே, "ஓசூர்க்காரன்கிட்ட எடம் வேணாம்னுட்டேன்" என்றார். ஏதோ மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் அங்கேயே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். லூர்தம்மாள் அக்கா ஓடிவந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஈரக் கையோடு என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "வேடசந்தூர் மில்லுல நைட்டு ஷிப்டுக்கு எழுதிக் குடுத்துட்டேன்ம்மா. நாளைக்கே போயி வேணாம்னு சொல்லிட்டு வாரேன்" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஆனந்த், உங்களை நினைத்துக்கொண்டேன். நீங்கள் அந்த முதல் விடையோடு நிறுத்தியிருந்தால் நான் இந்நேரம் புனேக்கு வர மூட்டை கட்டிக்கொண்டிருப்பேன். நீங்கள் ஆசைப்பட்டதும் அதுதான். அதற்கு எதிராக நீங்களே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறீர்கள். ஆலை இங்கேயே இருக்கிறது, அதனால் நானும் இங்கேயேதான். இதில் உங்களுக்கு என்ன மிச்சம்?

கோபமில்லை என்றால் எழுதுங்கள்.

என்றும் உங்கள்,
மேகலை


புனே
5 ஏப்ரல் 2025

என் மேகலை,

கோபமா? உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். முதலாளி பிஞ்சைக் கடித்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரருக்கு இந்தியில் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வாய்க்காலை யோசிக்காமல் விட்டது என் பிழைதான். அடுத்த மாதிரியில் தண்ணீரையும் சேர்ப்பேன்.

எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டாய். இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

உன் கோபக் கடிதம் வந்த மறுநாள், சிமுலேஷனைத் திரும்பத் திறப்பதற்கு முன்னாலேயே, எங்கள் மேலாளரைப் போய்ப் பார்த்தேன். என் வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர் போதும், மாதத்தில் ஒரு வாரம் இங்கே வந்து போகிறேன், மற்ற நாளெல்லாம் ஊரிலிருந்து செய்கிறேன் என்று கேட்டேன். அப்போது உன் ஆலை நிற்குமா போகுமா என்று எனக்குத் தெரியாது. ஓசூருக்குப் போனால் உன்னோடு ஓசூருக்கு வருவது என்றுதான் முடிவு செய்திருந்தேன். நீ வர வேண்டும், வர வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கேட்டவன், நான் வந்தால் என்ன என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. நான் ஆலைக்குள் வந்ததே இல்லை என்று எழுதினாயே, அந்த வரிதான் என்னைக் கிளப்பிவிட்டது.

உடனே சொல்லியிருந்தால் உன்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாய். அனுமதியும் கைக்கு வரவில்லை. நேற்று வந்துவிட்டது.

இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு இருபதாம் தேதி ரயிலேறுகிறேன். வந்ததும் முதலில் உன் ஆலையைப் பார்க்க வேண்டும், உள்ளே வந்து, முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை நடந்து. நேரில் பேசினாலும் சண்டை வரும், அது எனக்குத் தெரியும். வரட்டும். போனைப் போல வைத்துவிட்டுப் போக முடியாதல்லவா.

வீட்டில் எனக்கு ஒரு மேஜை போட இடம் பார்த்து வை. எங்கே போடுவது என்று நீயே முடிவு செய். அதற்கு நான் சிமுலேஷன் ஓட்டப்போவதில்லை.

உன்,
ஆனந்த்