கலா தூக்கிய கை

சனிக்கிழமை காலையில் நம் மகள் கலா கைபேசியில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். பேசுவது நம் பேத்தி. "குட் மார்னிங் டீச்சர். டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?" பின்னாலிருந்து கலா திருத்துகிறாள்: "எந்திரிச்சு நின்னு கேக்கணும்." மறுபடியும் அந்தக் கீச்சுக் குரல், அதே கேள்வி. கடைசியில், "அம்மா, போதும்மா."

நீ கண்மூடிய மறு வருடம் பிறந்தவள் அவள். இன்றைக்கு ஒன்றாம் வகுப்பு. கலா அறந்தாங்கிப் பக்கம் தான் வேலை பார்க்கும் அரசுப் பள்ளியில், தன் வகுப்பிலேயே அவளைச் சேர்த்திருக்கிறாள். பதிவுக்குக் கீழே இரண்டு வரி: "பள்ளிக்கூடத்துல டீச்சர், வீட்டுலதான் அம்மா. நீங்க எனக்கு வச்ச சட்டந்தான்ப்பா."

படித்துவிட்டுப் பெருமைப்பட்டிருக்க வேண்டும். என்னால் உட்கார முடியவில்லை. கேட்டைத் திறந்து பஸ் நிறுத்தம் வரை போனேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பினேன். கொடியில் காயாத துணியை எடுத்து மடித்தேன், மறுபடி விரித்துப் போட்டேன். கலாவுக்குப் போன் அடித்து, மணி போவதற்குள் வைத்துவிட்டேன். அப்படி இரண்டு முறை.

நான் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் வேலை பார்த்தபோது ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில் என் பொறுப்பில் இருந்தன. கலாவுக்கு ஐந்து வயது. அவளை அங்கேயே சேர்ப்பது என்று முடிவானதும், அறைக்குள் என்னை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்றேன். எனக்கு முன்பு அங்கே இருந்த ஆசிரியரைப் பற்றி டீக்கடையில் ஒருவர், "வாத்தியார் மகனுக்குத்தான் எப்பவும் மொதப் பரிசு" என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது.

நீ தோசைக் கரண்டியோடு வந்து நின்றாய். "அஞ்சு வயசுப் புள்ளைக்கு எங்கிட்டுங்க தெரியும், எந்த எடத்துல நீங்க அப்பா, எந்த எடத்துல சாருன்னு? சைக்கிள்ல வரும்போது நடுவழியில என்னான்னு கூப்பிடுவா?"

"பள்ளிக்கூட வாசலைத் தாண்டுனா அப்பா" என்றேன்.

"அப்ப வாசப்படியில வச்சுக் கூப்பிடணும்னா?"

கலா இரண்டே நாளில் பழகிக்கொண்டாள். அதை நான் மற்ற ஆசிரியர்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

சட்டம் அதோடு நிற்கவில்லை. கேள்வி கேட்டால் அவள் கை தூக்கியும் அவளை விட்டுவிட்டு மற்றவர்களைக் கேட்பேன். சிலேட்டு பார்க்கும்போது அவளுடையது கடைசி. ஒரு பக்கம் சாய்ந்த சைக்கிளை நிமிர்த்துகிறேன் என்று எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டால் அதுவும் விழத்தான் செய்யும். இந்த உதாரணம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அதை நேர்மை என்றே நினைத்தேன்.

அந்த வருடம் ஆடி மாதத்தில் ஒரு மதியம். கூட்டல் கணக்கு நடக்கிறது. கலா கை தூக்கினாள். நான் வேறு ஒரு பிள்ளையிடம் விடை கேட்டேன். அவள் கையை இறக்கவில்லை. மற்றொரு கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன். சற்று நேரத்தில் பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் பாவாடை நனைந்து, தரையிலும் ஈரம் ஓடியிருந்தது. சத்துணவு ஆயா வந்து துடைத்தார். நான் அடுத்த கணக்கை எழுதினேன்.

சாயங்காலம் அவள் உன்னிடம் சொன்னது: "ஒண்ணுக்குப் போகணும்னு கை தூக்கினேன். சார் பாக்கல."

வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு சார் என்கிறாள். நீ என்னைப் பார்த்தாய். "எனக்கும் ஒங்க பள்ளிக்கூடத்துல ஒரு எடம் போட்டு வைங்க. நாளையிலருந்து நானும் சாருன்னே கூப்பிடுறேன்." பிறகு குரலை இறக்கி, "நெசமாவே பாக்கலையா?" என்று கேட்டாய்.

"நாப்பது புள்ளைக. எங்கிட்டுப் பாக்குறது?" என்றேன்.

பொய். பார்த்தேன். அவள் மறு கையால் அதைத் தாங்கிப் பிடித்ததையும் பார்த்தேன். விடை சொல்லத் துடிக்கிறாள், மற்ற பிள்ளைகள் முதலில் சொல்லட்டும் என்று நினைத்துத் திரும்பினேன். நீ இருந்தவரை இதை உன்னிடம் சொல்லவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாகக் கலாவிடம் பேசினேன். "ஆத்தா, அந்த டீச்சர் சட்டம் வேணாம். அவ இஷ்டத்துக்குக் கூப்பிடட்டும்" என்றேன்.

"ஏம்ப்பா, நான் நல்லாத்தானே வந்தேன்?"

பாவாடை நனைந்த அந்த மதியத்தை ஞாபகப்படுத்தினேன். சிரித்தாள். "அதெல்லாம் இன்னும் வச்சிருக்கீங்களா? ஒங்களுக்கு அப்ப கண்ணு சரியாத் தெரியலைல்ல. அம்மாதான் சொல்லுச்சு, 'ஒங்கப்பாவுக்குத் தூரத்துல இருக்கறது தெரியல, கண்ணாடி மாத்தப் போறோம்'னு. மறு வாரமே புதுசு போட்டுட்டு வந்தீங்களே. அதுக்கப்பறந்தான் எனக்குச் சமாதானம். இனி சாருக்கு நம்ம கை தெரியும்னு இருந்தேன்."

அந்த வாரம் நீ என்னைப் புதுக்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்று பஸ்ஸில் முனகிக்கொண்டே வந்தேன். கடைக்காரரும் சோதித்துவிட்டு, பழைய பவரே போதும் என்றார். "பரவால்லைங்க, ஃபிரேம் மட்டுமாவது பளிச்சுன்னு வேற போடுங்க" என்றாய் நீ. உனக்கு என் முகத்தை மாற்றிப் பார்க்க ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கலா அந்தப் பக்கம் காத்திருந்தாள். நீ கட்டி வைத்த ஒன்றை உடைக்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னேன். "கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு ஆத்தா. பாத்தேன். பாத்துட்டுத்தான் திரும்பினேன்."

வாளியில் தண்ணீர் நிரம்பும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிப்பா. புள்ளைக்குத் தலைக்கு ஊத்தணும், வைக்கிறேன்" என்றாள்.

இரவெல்லாம் புரண்டு படுத்தேன். இன்று காலை மணி ஒன்பதரை ஆனதும், இப்போது அவளுடைய அறையில் வருகைப் பதிவு எடுப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். மதியம் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது. "அம்மான்னுதான் கூப்பிடுறா. அவளைப் பாத்து மத்த புள்ளைகளும் அம்மாங்குதுங்க. ஒரே கூத்து. நாலு தடவ கை தூக்குனா, நாலு தடவையும் கேட்டேன்." அவ்வளவுதான். நேற்றுப் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மன்னித்தாளா என்று தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன்.

இத்தனை காலமும் உன்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்திருந்தேன். மகளிடம் கண்ணாடிக் கதை சொன்னபோதே உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே தினமும் காலையில் அந்தக் கண்ணாடியை உன் சேலைத் தலைப்பில் துடைத்து என் கையில் கொடுத்திருக்கிறாய். கலாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நான் பள்ளிக்குக் கிளம்பும்போது நீ சொல்லும் ஒரே வார்த்தை, "பாத்துக்கங்க." நான் போகும் வழியைத்தான் சொல்கிறாய் என்று நினைத்து, "பாத்துப் போறேன்" என்பேன்.