பேர்கர் ஹைலைஃப்

அன்பு மகள் சுபானிக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே டுசல்டோர்ஃபில் நானும் அப்பாவும் நல்ல சுகம், சிரித்துச் சிரித்து வந்த விலா நோவு ஒன்றுதான் குறை. அங்கே கானா நாட்டு அக்ராவில் நீ காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். வியாழக்கிழமை நான் தொலைபேசியை வெடுக்கென்று வைத்த பிறகு, நீ ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்கிறாய். திரும்பவும் தொலைபேசியில் தொடங்கினால் திரும்பவும் பிழையாகத்தான் கேட்கும், அதனால்தான் அப்பா படுத்த பிறகு இருந்து எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

நீ சொன்னது எங்கள் காதில் எப்படி விழுந்தது என்று முதலில் சொல்கிறேன். விட்டு விட்டுக் கேட்ட அந்த லைனில், "அம்மா, நான் பேர்கர் ஹைலைஃபிலை விழுந்திட்டன், பயிற்சி முடிஞ்சாலும் தை மாதம் வரைக்கும் இஞ்சை நிக்கட்டோ" என்றாய். ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பட்டம் வாங்கிய கையோடு உன்னைப் பெற்றவள் நான், ஹைலைஃப் என்றால் ஆடம்பர வாழ்க்கை என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பிள்ளை சோறு சமைக்காமல் கடை கடையாகப் பேர்கர் தின்றுகொண்டு உல்லாசமாகத் திரிகிறாள் என்று நான் பதற, அப்பாவின் தலைக்குள் வேறு படம் ஓடியிருக்கிறது. அவர் கொழும்பில் படித்த பள்ளிக்கூடத்தில் பேர்கர் என்றால் ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர். "டெல்சி, இவள் ஆரோ ஒரு பறங்கிப் பெடியனிலை விழுந்திட்டாள், அவன் பெரிய ஹைலைஃப்காரனாம்" என்று தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். அக்ராவில் பறங்கியர் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டால், ஒல்லாந்தர் போகாத கரை எது என்று எனக்கே வரலாறு படிப்பிக்கிறார். வாய் தவறிப் பக்கத்து வீட்டுப் புஷ்பராணி அக்காவிடம் சொன்னேன். அவ அதற்கும் மேலே, ஜேர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குக் குடியுரிமை உள்ளவன் என்றுதானே கருத்து, அப்படியென்றால் மருமகனுக்கு விசாக் கரைச்சல் இல்லை என்று என்னைத் தேற்றினா. ஞாயிறு வருவதற்குள் உனக்கு ஒரு மாப்பிள்ளையே உருவாகிவிட்டான், அவனுக்குப் பெயர் வைப்பதுதான் பாக்கி.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தால், தேவாலய மண்டபத்தில் கானாக்காரரின் நன்றித் திருவிழா. அங்கே சமையல் பார்க்கிற அக்கோசுவாவை உனக்குத் தெரியும், நத்தார்ப் பண்டிகைக்கு வாழைப்பழப் பொரியல் தந்தவ. அப்பா நேரே அவவிடம் போய், முகத்தைக் கல்லுப்போல வைத்துக்கொண்டு, அக்ராவில் ஹைலைஃப் வாழ்கிறவனுக்கு எவ்வளவு பெரிய வீடு இருக்கும் என்று ஜேர்மனில் கேட்டார். அவ அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தா. ஹைலைஃபுக்கு வீடு தேவையில்லை, இடுப்புத்தான் தேவை என்றா. பிறகுதான் விளங்கியது, அது அவர்கள் நாட்டு இசையாம். முந்தி உள்ளே பணக்காரர் ஆட, நுழைவுச்சீட்டுக்கு வழியில்லாத சனம் வெளியே நின்று எட்டிப் பார்த்து வைத்த பெயராம். பேர்கர் என்பது ஹம்பேர்க் பக்கம் உழைக்க வந்த கானாக்காரருக்கு அவர்களின் ஆட்களே சூட்டிய பட்டம், அவர்கள் இங்கே இருந்து உண்டாக்கிய ஹைலைஃபுக்கும் அதே பெயர். ஜேர்மனியில் உண்டான பாட்டைப் பிடிக்க நீ ஆபிரிக்கா வரைக்கும் போயிருக்கிறாய் மகளே. எங்கள் முகத்தைப் பார்த்த அக்கோசுவா, விளங்காவிட்டால் ஆடிப் பாருங்கள் என்று அப்பாவின் கையில் முகம் துடைக்கிற ஒரு வெள்ளை லேஞ்சியைத் திணித்து இழுத்துக்கொண்டு போனா. கலியாண வீடுகளில் கதிரையை விட்டு எழும்பாத மனுசன் லேஞ்சியைச் சுழற்றினார். "டெல்சி, இது எங்கடை பைலா ஆட்டத்துக்கு ஒண்டுவிட்ட தம்பியடி" என்று என்னையும் கூப்பிட்டார். நானும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போனேன்.

வீட்டுக்கு வந்துதான், நீ வியாழன் பேசுவதற்கு முன்பே அனுப்பி, நான் கோபத்தில் கேட்காமல் விட்ட குரல் பதிவைக் கேட்டேன். ஒரு வாத்தியக் குழு உன்னைக் கீபோர்ட் வாசிக்கக் கேட்கிறார்கள், அம்மா ஓம் என்றால்தான் அவர்களுக்குச் சொல்லுவேன் என்கிறாய். ஓம் மகளே. தை மாதம் வரைக்கும் நின்று வாசி. ஆஹென் பல்கலைக்கழகத்தில் உன் பேராசிரியருக்கு இப்போதே எழுதிச் சொல்லிவிடு. என் பயம் போய்விட்டது என்று மட்டும் நினையாதே. மலேரியாக் குளிசையை விடாதே, வலைக்குள் படு, கொதித்தாறிய தண்ணீரைக் குடி, இருட்டில் தனியாக டாக்சி ஏறாதே, வாசித்து முடிந்து அறைக்கு வந்ததும் ஒரு சொல் எழுது, அது வரும்வரை நான் விழித்திருப்பேன்.

உன் விரல்களையும் உன்னையும் ஆண்டவர் காத்துக்கொள்ளட்டும். அப்பாவின் முத்தங்களும் இதற்குள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் மறைக்காமல் உடனே எழுது, உண்மையிலேயே பெடியன் ஒருவனும் இல்லைத்தானே? இருந்தால், அவன் என்ன வாத்தியம் வாசிக்கிறான் என்றும் எழுது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா டெல்சி