மஞ்சள் காணிக்கு ஒரு ஏஜெண்டு

அண்ணா,

இன்று காலை பூந்தமல்லி பஸ் நிலையத்தில் ஒருவன் என் கையில் ஒரு அட்டையைத் திணித்தான். பேருக்குக் கீழே மனை ஆலோசகர், புரோமோட்டர், ஏஜெண்டு என்று மூன்று பட்டம். கடைசிப் பட்டத்தைப் படித்ததும் உன் ஞாபகம் வந்தது. நீ செத்துப் பல வருஷமாகியும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

திருமழிசையில் அப்பா எனக்கு மஞ்சள் காணியாகக் கொடுத்த நிலம். என் கல்யாணச் சீரில் அது ஒன்றுதான் உருப்படி. நான் அம்பத்தூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன், நீ பயிர் வைத்தாய். எழுபதுகளில் அந்தப் பக்கம் கம்பெனிக்காரர்கள் இடம் தேட ஆரம்பித்ததும், வரி கட்டவும் அளக்கவும் நீ அலைய வேண்டாம், எனக்கு ஒரு பவர் எழுதிக் கொடு என்றாய். விற்கிற அதிகாரமும் அதில் சேர்த்தி என்று சொல்லவில்லை.

பதிவு அலுவலக வாசலில் மரத்தடியில் மேசை போட்டு ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். முத்திரைத்தாளைப் பார்த்து அவரைச் சர்க்கார் அதிகாரி என்றே நினைத்தேன். நம் பக்கத்துச் சனம் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, நிலம் என் பேரிலேயே இருக்குமா என்று கேட்டேன்.

"இருக்கும்மா. அண்ணன் பாத்துக்குவாரு."

அவர் பத்திரம் எழுதுகிறவர், உன் கையில் கூலி வாங்கியவர். தெரிந்தும் நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். உள்ளே நிஜமான அதிகாரி சம்மதமா என்று கேட்டபோது, வெளியே ஒரு சர்க்காரைக் கேட்டாகிவிட்டதே என்று தலையாட்டினேன்.

அடுத்த பொங்கலுக்கு வந்தால் நிலத்தைச் சுற்றி மதில். உன் வாசலில் நின்று அழுதேன். நீ சோற்றிலிருந்து கைகூட எடுக்கவில்லை.

"நான் எங்க வித்தேன்? பத்திரத்துல விக்கிறவங்கன்னு உன் பேருதான் கீது. நான் வெறும் ஏஜெண்டு."

அண்ணி இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள், உனக்கு.

நீ போன அன்று வந்தேன். அழுகை வரவில்லை. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த ஒருத்தி நகர்ந்து இடம் விட்டு, "நீ இவருக்கு இன்னா ஆவணும்?" என்று கேட்டாள். தங்கச்சி என்று வாய் வரை வந்தது.

"இவரு என் ஏஜெண்டு" என்றேன்.

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். சொன்னதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

எந்தப் பட்டத்தோடு எவர் வந்தாலும், நீ யாருடைய ஆள் என்றுதான் முதலில் கேட்கிறேன். அட்டை கொடுத்தவனையும் கேட்டேன். நான் செருப்பைக் கழற்றாமல் நின்றிருந்தேன்.