விடாத அம்பு

ஞாயிறு, இரவு.

தேர்வுப் போட்டிக்காக மகள் மீராவுக்குப் புது வில் வாங்க வேண்டும். காலையில் டாக்குரியா மைதானத்தில் கப்பி வைத்த இரண்டு காம்பவுண்ட் வில்களை எய்து பார்த்தாள். முதல் வில்லிலிருந்து போன அம்பு என் கண்ணில் படவேயில்லை. இதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். இரண்டாவதில் அவ்வளவு வேகமில்லை. இழுக்க மட்டும் வெண்ணெய் மாதிரி இருந்தது.

அதை முழுக்க இழுத்து நின்றவள், காற்று வீசியதும் அம்பை விடாமல் நாணை மெல்லத் தளர்த்திவிட்டாள். முதல் வில்லில் அப்படிச் செய்யப்போய் அது அவள் தோளையே பிடுங்கியிருந்தது.

"வேகம் இருக்கட்டும்பா. வேண்டாம்னு தோணினா திரும்பி வரணுமே. எனக்கு இதான்."

இலக்கின் நடு மஞ்சள் வட்டத்தில் தைத்த அம்புகளுக்கெல்லாம் வாயே திறக்காத கோச் தாதா, அந்த விடாத அம்புக்கு, "பாஹ்!" என்று வங்காளியில் சபாஷ் போட்டார்.

மீரா தூங்கிவிட்டாள். எனக்குத்தான் இன்னும் புல்லரிப்பு அடங்கவில்லை.